முதல் கழி

கோட்டைக்குப்பம்
13.8.1984

தம்பி வரதனுக்கு,

நேற்று ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் பாடு சீட்டு எடுத்தார்கள். உன் அண்ணன் பெயருக்கு முகத்துவாரத்தை ஒட்டிய இடம் விழுந்திருக்கிறது. கோயில் வாசலில் தலைவர் படித்ததை என் காதால் கேட்டேன், அதனால் எழுதுகிறேன். புரட்டாசி அமாவாசையை ஒட்டி, செப்டம்பர் 25 செவ்வாய்க்கிழமை நம் முறை. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறால் அந்த வழியாகத்தான் போகும். உங்கள் அப்பா இருந்த காலத்தில் ஒரு தடவை வந்த இடம், இப்போதுதான் மறுபடி வந்திருக்கிறது.

சீட்டு யார் பெயருக்கோ அவர் கையால், சூரியன் மறைவதற்குள், வலை கட்டும் முதல் கழியை நட்டாக வேண்டும். நடாவிட்டால் அன்றைய இடம் பக்கத்து இடம் விழுந்த பாட்டுக்காரருக்குப் போகும், நம் பெயர் வரிசையின் கடைசிக்கு இறங்கும். இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. பட்டணம் போய் மறந்திருப்பாயோ என்று எழுதினேன். பக்கத்துப் பாடு இந்தத் தடவை கோதண்டத்துக்கு.

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ கல்யாணம் கட்டியிருந்தால் சீட்டில் உனக்கும் ஒரு பெயர் ஏறியிருக்கும், வீட்டுக்கு இரண்டு பாடு ஆகியிருக்கும் என்ற ஆத்திரம் அவருக்கு இன்னும் தீரவில்லை. போன வாரம் சாப்பிடும்போது, "இன்னாத்துக்கு படிக்கிறான் அவன்? பணக்காரன் கைய புடிச்சி தூக்கி வுட்றதுக்கா? அவன் கைய அவனுக்கு தூக்கத் தெரியாதா?" என்றார். எனக்கும் அது சரியாகப் புரியவில்லை.

எழுத வந்தது வேறு. இரண்டு மாதமாக அவருக்கு இடது தோளில் வலி. படகைக் கழியால் ஊன்றித் தள்ளும்போது வருகிறது, நிறுத்தி உட்கார்ந்தால் போய்விடுகிறது. கூடவே இடது தாடையில் பல்வலி. பொன்னேரிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பிடுங்கிய பல்லை வாங்கிப் பார்த்தேன். சொத்தை இல்லை. வலியும் போகவில்லை. "வாய்வு"ன்னு சொல்லிப் பூண்டைச் சுட்டுத் தின்கிறார்.

எலும்பு, நரம்பு எல்லாம் படிக்கிறாயே, இதற்கு ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. பழவேற்காட்டில் ஐஸ் லாரி வைத்திருக்கும் கலந்தர் பாய் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. அவர் சம்சாரம் கைருன் பீவி என்னிடம் சேர்த்துவிடும்.

அண்ணி
வேலம்மா


திருவல்லிக்கேணி, சென்னை
17.8.1984

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. இடம் விழுந்ததில் எனக்கும் சந்தோஷம். அதை அண்ணனிடம் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆறு மாதமும் நாங்கள் படித்தது உடற்கூறுதான், அதாவது எந்த எலும்பில் எந்தத் தசை தொடங்கி எங்கே முடிகிறது என்பது. தலையின் பின்பக்கத்து எலும்பிலிருந்து கழுத்து வழியாகத் தோள்வரை விசிறி மாதிரி ஒரு தசை இறங்குகிறது. ட்ரபீசியஸ் என்று பெயர். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துப்பட்டை எலும்புக்கு இன்னொன்று. அண்ணன் இருபது வருஷமாக ஒரே பக்கம் நின்று கழி ஊன்றுகிறவர். வலது பக்கம் தேறி, இடது பக்கம் தளர்ந்திருக்கும். தளர்ந்த தசை இழுபடும்போது தோளும் வலிக்கும், தாடையும் வலிக்கும். இரண்டு வலிக்கும் காரணம் ஒன்றுதான். பல்லைப் பிடுங்கியது வீண்.

ஓய்வு கொடுத்தால் தசை இன்னும் தளரும். அதனால் பலப்படுத்த வேண்டும். தூக்குச் சட்டியில் கல் நிரப்பி, இடது கையால் தோள் உயரம்வரை தூக்கி மெல்ல இறக்கச் சொல்லுங்கள். காலையும் மாலையும். வாரம் ஒருமுறை கல்லைக் கூட்டுங்கள். வலித்தால் விட்டுவிடக் கூடாது. முதலில் வலிக்கத்தான் செய்யும். பாடு வருவதற்குள் தோள் இரும்பாகிவிடும்.

அண்ணன் கேட்டாரே, பணக்காரன் கையைத் தூக்கிவிடவா என்று. ஆமாம், அதற்குத்தான். மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போய் அவருக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுக்கிறேன். நான் போகத் தொடங்கியபோது தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர், இப்போது பேத்தியைத் தூக்குகிறார். இந்த உடற்பயிற்சிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் இப்படிப் பலர் வீட்டுக்குப் போகலாம். நான் சொன்னதாகச் சொன்னால் அண்ணன் செய்ய மாட்டார். நீங்கள் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வரதன்


கோட்டைக்குப்பம்
3.9.1984

தம்பிக்கு,

நீ எழுதியபடி செய்ய வைத்துவிட்டேன். எளிதில் நடக்கவில்லை. நான் சொன்னதாகச் சொன்னதும், "உனக்கு யாரு சொன்னா?" என்றார். கைருன் பீவி வீட்டுக்கு வந்த டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகுதான் சட்டியைத் தொட்டார்.

வீட்டுக்குப் பின்னால் நின்று தூக்கினால் குப்பம் முழுக்கத் தெரிகிறது. கோதண்டம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன் நின்று பார்த்தான். "இன்னாடா ஆதி, சினிமால சேரப் போறியா? சண்ட சீன் எப்போ?" என்றான். உன் அண்ணன், "உன் பாட்டுல கழி நட்றதுக்கும் சேத்துதாண்டா தேறிக்கினு கீறேன். போ போ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. கல்லைக் கூட்டிய பிறகு அப்படி இல்லை. சட்டியை இறக்கியதும் வியர்த்துவிடுகிறது. காலை நேரம், காற்று அடிக்கிறது, வேலை செய்யாத எனக்குக் குளிர்கிறது, அவர் முதுகில் தண்ணீர் ஊற்றியதுபோல் வழிகிறது. முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. "வலிச்சாலும் வுடக்கூடாதுன்னு சொன்னியே"ன்னு என்னிடமே சொல்லி, மறுபடி தூக்குகிறார்.

நேற்று ஏரியில் பாதி வழியில் கழியைக் கீழே போட்டுவிட்டுப் படகிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கூடப் போன பச்சையம்மா மகன் சொன்னான். என்னிடம் அவர் சொல்லவில்லை.

இது நல்லதற்கா கெட்டதற்கா? உடனே எழுது.

வேலம்மா


சென்னை
6.9.1984

அண்ணி,

சட்டியை நிறுத்துங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். கல்லைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. போன வாரம்தான் எங்களுக்கு இரண்டாவது பாடம் தொடங்கியது. உடலியங்கியல், அதாவது உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பது. முதலில் இதயம். ஆபிரகாம் சார் நேற்றுக் காலை பாடம் நடத்தும்போது சொன்னார்: இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனால் வலி நெஞ்சில்தான் வரும் என்றில்லை. இடது தோளில் வரும், கையில் வரும், தாடையில் வரும். பல்வலி என்று பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. உழைத்தால் வரும், நின்றால் போகும். அதுதான் அடையாளம். கேட்டதும் அண்ணன் பிடுங்கிக்கொண்ட பல் நினைவுக்கு வந்தது. வியர்வையும் சாம்பல் முகமும் உங்கள் கடிதத்தில் வந்தபோது சந்தேகமில்லாமல் போயிற்று.

நான் பாதிப் படிப்பில் முழுப் பதில் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்தது தசை மட்டும். அதனால் எல்லாம் தசையாகத் தெரிந்தது.

உங்கள் கடிதத்தை சாரிடம் காட்டினேன். அவர் எங்களுக்குப் பாடம் எடுக்க வரும் டாக்டரம்மாவிடம் என்னை அழைத்துப் போனார். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ஆளைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன், உடனே கூட்டி வா." அண்ணனைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அதுவரை அவர் கழி ஊன்றக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

ஒன்று செய்யுங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் உங்கள் இரண்டு விரல்களை வைத்துப் பாருங்கள். துடிப்பு ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

வரதன்


கோட்டைக்குப்பம்
11.9.1984

வரதா,

நிறுத்திவிட்டேன்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. நீ எழுதியதை நம்பி நான் அவரிடம் பொய் சொல்லி, அவர் கையில் கல்லைக் கொடுத்தேன். நீ அங்கே உட்கார்ந்து எழுதினாய். இங்கே எதிரில் நின்று, "இன்னும் ரெண்டு தபா தூக்கு"ன்னு சொன்னது என் வாய். அதை மட்டும் எழுதிவிட்டு மேலே போகிறேன்.

துடிப்பைப் பார்த்தேன். சாப்பிட்டுக் கையைக் கழுவி உட்கார்ந்திருந்தார். "இன்னாடி, ஜோசியம் பாக்கறியா?" என்று கையை நீட்டினார். எண்ண ஆரம்பித்தேன். சீராக இல்லை. நாலைந்து ஓடுகிறது, ஒன்று வராமல் நிற்கிறது, பிறகு இரண்டு அவசரமாக வருகிறது. வராத இடத்தில் என் எண்ணிக்கை தவறிப் போயிற்று. மூன்று தடவை பார்த்தும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எழுதியது, நான் பொய் சொன்னது, நெஞ்சுக் கதை, எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "முதல்ல கழுத்துன்னான், இப்போ நெஞ்சுன்றான், அடுத்த மாசம் பாடம் மாறுனா குண்டின்னுவான். அவன் படிச்சி முடிக்கறதுக்குள்ள நான் எத்தினி வியாதிக்கு பாத்துக்கறது?" என்று சிரித்தார். இந்தச் சிரிப்புக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

ஆஸ்பத்திரிக்கு எப்போது என்று கேட்டேன். "பாடு முடியட்டும். அப்பால நீ எங்க கூப்ட்டாலும் வரேன்." இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆள் உயரத்தைத் தாண்டிய கழியைச் சேற்றில் இறக்குவது என்ன வேலை என்று உனக்குத் தெரியும். சட்டியில் இருந்த கல் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

வேலம்மா


சென்னை
15.9.1984

அண்ணி,

துடிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பாடு என்றால் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் கழியை அவர் நடக் கூடாது" என்றார். இந்த முறை ஆளைப் பார்க்காமலே சொன்னார்.

எனக்கு 25ஆம் தேதி காலையில் செய்முறைத் தேர்வு. இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான். விட்டுவிட்டு 24ஆம் தேதியே வருகிறேன். அண்ணன் காலில் விழுந்தாவது நிறுத்துகிறேன். கேட்காவிட்டால் அவர் பெயரில் நான் நடுகிறேன். கல்யாணம் ஆகாதவன் நட்டால் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளாது என்று தெரியும். ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும். இடம் போனால் போகிறது, அண்ணி. வரிசையில் கடைசிக்குப் போனால் மறுபடி முன்னால் வரலாம்.

இல்லையென்றால் பஞ்சாயத்தில் சொல்லி நாளை மாற்றிக்கொள்ள வழி உண்டா? ஒருவர் பாட்டை ஒருவர் மாற்றிக்கொண்டதைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம்.

வரதன்


கோட்டைக்குப்பம்
20.9.1984

தம்பி,

நீ வராதே.

முதலில் அதை எழுதிவிட்டேன், காரணம் பிறகு. இடம் போனால் போகிறது என்று நீ எழுதியதை அவர் காதில் விழும்படி படித்தேன். "போகட்டும்னு சொல்றது அவன் வாய்க்கு ஈஸி. அவன்தான் ஏற்கெனவே போய்ட்டானே" என்றார். நீ வந்து கரையில் நின்றால், உன் எதிரில் நட்டுக் காட்டுவதற்காகவே இறங்குவார். ஒரு கழிக்குப் பதில் நாலு நடுவார். உன் முகம் அங்கே தெரியக் கூடாது. நீ தேர்வை எழுது.

பஞ்சாயத்துக்குப் போனேன். நாள் மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் பாட்டுக்காரர் தன் வாயால் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். அவர் கேட்க மாட்டார் என்பதால் நான் எழுந்து நின்றேன். பெண்கள் அங்கே ஓரமாக நின்று கேட்பதுதான் வழக்கம், பேசுவதில்லை. "எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சுல கோளாறு. இந்த தபா மாத்திக் குடுங்க" என்றேன். தலைவர் உன் அண்ணனைப் பார்த்து, "இன்னாப்பா ஆதிகேசவா, உண்மையா?" என்று கேட்டார். இவர் எழுந்தார். சட்டையைக் கழற்றி நெஞ்சில் தட்டினார். "எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வூட்ல மெட்ராஸ் லெட்டர் படிச்சி பேஜாராகி கீது" என்றார். கூட்டம் சிரித்தது. கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை அவன் படகு எங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் என்று எனக்கும் புரிந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததிலிருந்து உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நான் வைக்கும் சோற்றைச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

கழி எடுத்து ஒளிக்கலாம் என்று பார்த்தேன். குப்பத்தில் கழிக்கா பஞ்சம். இனி எழுதிப் பயனில்லை. செவ்வாய்க்கிழமை நானும் கரையில் இருப்பேன்.

வேலம்மா


கோட்டைக்குப்பம்
26.9.1984

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கலந்தர் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் அண்ணனையும். ராத்திரி வண்டி கிடைக்கவில்லை, விடிந்ததும் ஐஸ் லாரியில் முன்சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு உன்னைத் தேடி வருவார். உயிரோடு இருக்கிறார், பேசுகிறார். நடந்ததை அவர் சரியாகச் சொல்ல மாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன்.

நேற்று சூரியன் பனைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. உன் அண்ணன் படகிலிருந்து இறங்கி, இடுப்புத் தண்ணீரில் நின்று கழியை நிமிர்த்தினார். நிமிர்த்தியதோடு சரி. கையைக் கழியின் மேல் வைத்தபடி அப்படியே நின்றார். கரையிலிருந்து பார்த்தவர்கள் நீரோட்டம் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். எனக்கு அந்த முகம் தெரியும். கோதண்டம் தன் படகிலிருந்து, "ஆதி, பொழுது முழுகுது. நட்டா உன்னுது, நடாங்காட்டி என்னுது" என்று குரல் கொடுத்தான்.

நான் இறங்கிவிட்டேன். கூடையைக் கரையில் போட்டதுகூட நினைவில்லை. பாட்டு இடத்தில் பெண் காலை வைப்பதில்லை என்று பின்னால் யாரோ கத்தினார்கள். போய்ச் சேர்ந்ததும் அவர், "வேலு, நெஞ்சு மேல யாரோ குந்திக்கினு கீறாங்க" என்றார். முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். "வா, போலாம்" என்றேன். "கழி" என்றார். கையை எடுக்கவில்லை. எடுக்க வைக்க என்னால் முடியாது என்று தெரிந்தது. "கைய அப்படியே வெச்சிக்கோ. அழுத்தாத. சொம்மா வெச்சிக்கோ" என்றேன். அவர் கைக்குக் கீழே என் இரண்டு கையையும் போட்டு, தோளைக் கொடுத்து, என் பாரம் முழுவதையும் போட்டு ஆட்டி ஆட்டி இறக்கினேன். சேறு கழியைப் பிடித்துக்கொண்டது. அப்போது சூரியன் இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

கோதண்டம், "பொம்பள நட்ட கழி செல்லாது" என்றான். நான், "மேல இருக்கிற கை யாரு கை? பாத்து சொல்லு" என்றேன். அவன் தலைவர் இருந்த பக்கம் திரும்பினான். எதிரிதான். ஆனால் உன் அண்ணனைப் படகில் தூக்கிப் போட்டது அவன்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

நம் கூட்டத்து ஆட்கள் வலை கட்டினார்கள். இறால் நிறையப் பட்டது. அது யாருடையது என்று தீராததால் கலந்தர் பாயின் ஐஸ் பெட்டியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடுகிறது. நான் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பயந்து ஓடியதாகிவிடும். அதனால்தான் கூட வரவில்லை. இவரை உன்னிடம் ஒப்படைக்கிறேன். இந்தத் தடவை டாக்டர் சொன்னதை மட்டும் எழுது.

வேலம்மா


அரசுப் பொது மருத்துவமனை, சென்னை
28.9.1984, வெள்ளிக்கிழமை

அண்ணி,

இதயத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. இன்று காலை வார்டுக்கு வந்த பெரிய டாக்டர் இ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. அடிபட்டது செவ்வாய்க்கிழமையா, அதற்கு முன்பேயா என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது என்றார். அபாயம் நீங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. படுக்கையை விட்டு எழக் கூடாது. வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்று இரண்டு தடவை வைத்தோம், இன்று இதுவரை வைக்கவில்லை.

கல் தூக்கியதால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். "தெரியாது. நல்லது செய்திருக்காது" என்றார். அதையும் அப்படியே எழுதுகிறேன்.

தேர்வுக்குப் போனேன். ஓடிவிட்டு வந்த ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பு எண்ணச் சொன்னார்கள். சீராகத்தான் ஓடியது. நான் ஒவ்வொன்றுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ண விட்டார்கள். அதற்கு என்ன மதிப்பெண் என்று தெரியாது.

வந்த அன்று அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இன்று மத்தியானம் திரும்பி, "உன் புஸ்தகம் இன்னா ஆச்சி?" என்றார். பையில் இருந்தது. இதயம் போட்ட பக்கத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நெசமா எம்மாம் பெருசு?" என்றார். அவரவர் கையை மூடினால் எவ்வளவோ அவ்வளவு என்றேன். கையை மூடி, போர்வை மேல் வைத்துப் பார்த்தார். "இத்த வெச்சிக்கினா இத்தினி நாளு தள்னேன்" என்றார். "வக்கீலுக்கும் இதே அளவுதானா?" என்று கேட்டார். இதேதான் என்றேன். பிறகு பஞ்சாயத்து என்றைக்கு என்றார். சொன்னேன். "எழுதிக்கோ" என்றார். அவர் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன், நீங்கள் அதைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும்:

"கழி மேல இருந்தது என் கை. கடைசி வரிக்கும் எடுக்கல. கீழ இருந்த தெம்பு என் பொண்டாட்டியுது. போன கூட்டத்துல அவ சொன்னதுதான் உண்மை, நான் சொன்னது பொய். இத்த கேட்டுட்டு இன்னா வேணா முடிவு பண்ணுங்க. ஆதிகேசவன்."

கையெழுத்தை அவரே போட்டார். பேனா பிடிக்கும்போது நான் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். இடையில் நிற்பது இன்னும் இருக்கிறது. தொடர்ந்து வருவதும் இருக்கிறது.

கலந்தர் பாய் நாளைக் காலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு இந்த வழியாகப் போவார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன், நாளைச் சாயங்காலம் உங்கள் கைக்கு வரும். இரண்டாவது இ.சி.ஜி. திங்கட்கிழமை காலையில். அதைப் பார்த்த பிறகே எத்தனை நாள் படுக்கை, இனி தண்ணீரில் இறங்கலாமா என்று சொல்வார்களாம். என் தேர்வு முடிவு அக்டோபர் பாதியில் வரும், அதற்கு அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து என்ன சொன்னாலும் பழவேற்காடு தபால் ஆபீஸிலிருந்து தந்தி கொடுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் கொடுத்தால் பகலுக்குள் இங்கே வந்துவிடும். டாக்டர் முடிவு முதலில் வருமா, தந்தி முதலில் வருமா என்று அண்ணன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வரதன்